வெயிலில் உருகிய அகார்-அகார்

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா கிடைத்த வருஷம், எங்கள் ஊரான காஜா பெராங் கம்பத்தில் என் கை இனிப்பு இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்காது. பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம், அடுப்படியில் கற்றதுதான் எல்லாம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும் நான்தான்.

எதிர்வீட்டு பாக் ஹாஜி தன் மகள் கல்யாணத்துக்கு, கடல்பாசியைக் காய்ச்சி இறுக வைக்கும் அகார்-அகார் இனிப்பு கேட்டார். கிண்டுவதற்குச் சூரா என்ற தொழுகைக்கூடத்தின் பொது அண்டாவையே எடுத்துக் கொடுத்தார். தொழுகைக்குக் கூடுகிற ஜனம் எல்லாம் சாப்பிடுகிற அண்டா. கடையில் கடல்பாசி இல்லை. சீனக் கடைக்காரர் தவுக்கே ஒரு தூளைக் கொடுத்தார். "இதுவும் அகார்-அகார்தான். ஐஸ் மேல வச்சா இறுகும்." நம் ஊரில் தளதளவென்று நிற்பதெல்லாம் அகார்-அகார்தானே, வாங்கிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, கிண்டி ஐஸ் மேல் இறுக வைத்திருந்த தட்டுகளை வெளியே வைத்தேன். வெயில் பட்டதும் ஓரம் கசிந்து தண்ணீராக ஓடியது. கடல்பாசி வெயிலில் உருகவே உருகாது. கடைக்கு ஓடினேன்.

"தவுக்கே, அது என்ன தூள்?"

"எலும்பைக் காய்ச்சி எடுக்கறது."

"என்ன எலும்பு?"

"கப்பல்ல வருது, எனக்கென்ன தெரியும்? மாடுன்னா உனக்குப் பாவம், பன்னின்னா ஹாஜிக்கு ஹராம்!" என்று சிரித்தார்.

நான் ருசி வேறு பார்த்திருந்தேன். ஆனால் என் பயமெல்லாம் அந்த அண்டாவின் மேல்தான். சொன்னால் இந்தக் கம்பத்தில் இனி என் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பந்தி. நேரே எதிர்வீட்டுக்குத் திரும்பினேன்.

பாக் ஹாஜியிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

"யாராவது தின்னாங்களா?"

"நான் மட்டும்தான்."

"என்ன மிருகம்னு தெரியாதா?"

"தெரியாது, பாக் ஹாஜி."

"தெரியாததைத் தின்ன வேண்டாம்."

தட்டுகளைக் குழியில் கொட்டச் சொன்னார். பன்றியாக இருந்துவிட்டால் என்று, மார்க்க முறைப்படி அண்டாவை மண் கரைத்த நீரால் ஒரு முறையும், நல்ல நீரால் ஆறு முறையும் கழுவினார். நான் தள்ளி நின்றேன்.

"தம்பி, கையை நீட்டு."

"எனக்கெதுக்கு?"

"பந்தியில சோறு வைக்கப் போறது யாரு, உங்க அப்பனா?"

என் கையிலும் மண் நீரை ஒரு முறையும், நல்ல நீரை ஆறு முறையும் ஊற்றினார். அந்தக் கையோடுதான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். முதல் ஆள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.