முதலில் யார் வருவது

கோவையில் பம்பு மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் சண்முகப்பிரியாவுக்கு வேலை. பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துத் தருவது அவள் பொறுப்பு. பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே சலிக்காத முகம். நமக்கெல்லாம் வாய்க்குமா அது!

அந்த வாரம் இரண்டு மென்பொருள் பேக்கேஜ்கள் அவளைப் பாடாய்ப் படுத்தின. இரண்டுமே அடிப்படையானவை, இல்லாவிட்டால் பெட்டி கண்ணே திறக்காது. முதலாவதைப் புதுப்பிக்கப் போனால், இரண்டாவது வந்தால்தான் ஆச்சு என்று நின்றது. சரி என்று இரண்டாவதற்குப் போனால், அது முதலாவதைக் கேட்டது. பேக்கேஜ்களைத் தானாகவே போடுவதற்கு அவள் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றாகத்தான் போடும். இத்தனை வருடம் அதுவே போதுமாக இருந்தது. மூன்று நாள் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தாள், நகரவில்லை.

வீட்டிலும் அதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுடைய அண்ணன்மார் இருவரும் பொள்ளாச்சிப் பக்கம் எதிரெதிர் வீடு. தோப்புக்குத் தண்ணீர் விடும் முறையில் மனஸ்தாபமாகி இரண்டு வருடமாகப் பேச்சில்லை. மரியாதைக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை. மூத்தவர் தம்பிதுரை, "கதிர்வேலு வந்துட்டான்னு ஒரு போன் போடு கண்ணு, உடனே கெளம்பி வாரேன்" என்றார். இளையவர் கதிர்வேல், "பெரியவரு மொதல்ல வரட்டும் அம்மணி, பொறகு நான் வாரேன்" என்றார். மாமன் இல்லாமல் ஒரு காதுகுத்தா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கிரிப்டை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு பேக்கேஜ்களையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொடுத்தாள். லினக்ஸ் முதலில் இரண்டையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டது. அப்புறம் இரண்டையும் சரிசெய்து முடித்தது. அட, இவ்வளவுதானா! அப்படியே எழுந்து போய் ஒரு வேனுக்குச் சொல்லிவைத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் வேன் இரண்டு வாசலுக்கும் நடுவில் போய் நின்றது. அவளே இறங்கி அண்ணன்மார் இருவரையும் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்குங்க. யாரும் முந்தலைங்க, யாரும் பிந்தலைங்க."

தங்கச்சி சொல்லைத் தட்ட முடியவில்லை. ஏறினார்கள். கோவை வரைக்கும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

இருவரையும் ஒட்டி உட்காரவைத்து, இரண்டு மடிக்கும் பொதுவாகக் குழந்தையைக் கிடத்தினாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை திமிறியது பாருங்கள், ஒருத்தரால் அடக்கிவிட முடியாது.

"அண்ணா, தலையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் கதிர்வேல்.

"நீ காலப் புடிடா மொதல்ல" என்றார் தம்பிதுரை.