ஹம்மர்பெஸ்டிலிருந்து ஹோனிங்ஸ்வோக்: இருபத்தைந்து நிமிடமா, இரண்டரை மணித்தியாலமா?

2006 மே மாதம், ஒரு கல்யாணத்துக்காக நோர்வேயின் வடகோடிக்குப் போனேன். மாப்பிள்ளை என் நண்பன் சிவநேசன், வயது நாற்பத்தேழு. ஹோனிங்ஸ்வோக் மீன் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் நோர்வேப் பெண் மாரித்தைப் பதிவுத் திருமணம் செய்வதாக முடிவு. "மச்சான், நீ வராட்டி என்ர பக்கத்திலை நிக்க ஒருத்தரும் இல்லை" என்று தொலைபேசியில் சொன்னான். நான்தான் மாப்பிள்ளை பக்கச் சாட்சி.

நான் இருக்கும் லில்லெஸ்ட்ரோமில் ரயில் ஏறி, ஒஸ்லோவிலிருந்து ட்ரொம்சோ வழியாகப் பறந்து, கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஹம்மர்பெஸ்ட் சேர்ந்தேன். அங்கிருந்து ஹோனிங்ஸ்வோக் நேர்கோட்டில் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் இருபத்தைந்து நிமிடம். ஒருவழிச் சீட்டு 490 குரோனர். முப்பத்தொன்பது பேர் இருக்கக்கூடிய விமானத்தில் பதினொரு பேர் இருந்தோம்.

மறுநாள் காலை 9.10க்குக் கிளம்பியது. ஹோனிங்ஸ்வோக்கில் புகார், கடும் பனிமூட்டம். விமானி இரண்டு தரம் இறங்கப் பார்த்தார். இரண்டாம் தரம் கீழே ஒரு சிவப்புக் கூரைகூடத் தெரிந்தது. பிறகு மேலே தூக்கித் திருப்பிவிட்டார். 10.15க்கு மறுபடியும் ஹம்மர்பெஸ்டில் நிற்கிறேன். ஒரு மணிக்குக் கல்யாணம். அடுத்த விமானம் மாலையில்தான்.

வெளியே நின்ற டாக்சியை நோக்கி ஓடினேன். சாரதி என்னைப் பார்த்ததும் தமிழில் கேட்டார்: "எங்கை அண்ணை போறியள்?"

"ஹோனிங்ஸ்வோக். ஒரு மணிக்குள்ளை போகேலுமே?"

"நூற்றெண்பது கிலோமீட்டர். மான் மறிக்காட்டில் போகலாம். ஏறுங்கோ."

பெயர் யோகன், ஊர் சாவகச்சேரி. ஸ்கைடி என்ற சந்தியைத் தாண்டியதும் மான் மறித்தது. நாற்பது ஐம்பது கலைமான்கள் நடுத்தெருவில் ஆறுதலாக நடந்தன. பதினைந்து நிமிடம் போயிற்று. நான் கழுத்துப்பட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். பிறகு கடலோரத் தெரு, கடலுக்கடியால் ஏழு கிலோமீட்டர்ச் சுரங்கப்பாதை. வெளியே வந்தபோது புகாருக்குள் ஊர். மணி 12.52.

பதிவு அலுவலக வாசலில் சிவநேசன் பட்டுவேட்டியில் நடுங்கிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். ஆனால் மாரித் பக்கச் சாட்சியான அவள் தங்கை வேறு ஊரிலிருந்து வந்த விமானமும் இறங்கவில்லையாம். இன்னொரு சாட்சி வேண்டும்.

சிவநேசன் என் தோளுக்கு மேலால் டாக்சியைப் பார்த்தான். "தம்பிக்கு நேரமிருக்குமோ?"

"ஓம் அண்ணை, மீற்றரை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்றார் யோகன்.

மாரித்துக்காகக் கையெழுத்து வைத்தவர் அவர்தான். அதற்கு முதல் தங்கையிடம் தொலைபேசியிலேயே சம்மதம் கேட்டிருந்தாள் மாரித். பிறகு வீட்டில் மீன் குழம்பும் சோறும், மூன்று தட்டுக் கேக்கும். யோகன் ஐந்து மணிக்குத்தான் திரும்பிப் போனார்.

மறுநாள் வானம் வெளித்தது. திரும்பும் விமானம் இருபத்துமூன்றே நிமிடத்தில் இறங்கியது. வந்த தெருவை மேலிருந்து தேடினேன், தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: டாக்சிக்கு 2,900 குரோனர் ஆனது, பேருந்து மலிவு. அட்டவணையில் உள்ள நிமிடங்களை நம்பி அதே நாளில் முக்கியமான காரியம் வைக்காதீர்கள், ஒரு நாள் முந்திப் போங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. செய்திருந்தால் அந்தப் பதிவேட்டில் யோகனின் பெயர் இருந்திருக்காது. அதனால் எனக்கு வருத்தமில்லை.