பரோட்டா கடை ரயில்வே கேட்

பொம்மை ரயிலுக்கு கேட் லைட்டு ரிப்பேர் பண்றவனுக்கு ரயிலைப் பத்தித் தெரிய வேண்டியதில்லை. மேஜைக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மேல நிக்கறவங்க சொல்ற யோசனையெல்லாம் கேட்டுக்கத் தெரிஞ்சா போதும். ஒயர் பத்த வைக்கறப்போ ஈயத்தை விரல்ல ஊத்திக்கிட்ட என் இனத்து மக்களே, உங்களுக்கு இது புரியும்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னாடி ஒரு லாரிக்காரங்க ஓட்டல். குழந்தைங்களோட வர்றவங்களும் நிக்கட்டும்னு முதலாளி பெங்களூர்ல யாரோ வித்த ரயில் செட்டை வாங்கி, ஒரு மூலையில பெரிய மேஜை போட்டு ஓட்ட விட்டார். அதுல ஒரு மலை, ஒரு குகை, ஒரு லெவல் கிராசிங். ரயில் வந்தா கிராசிங்ல ரெண்டு சிவப்பு லைட்டு மாறி மாறி மினுக்கும். பத்தாவது லீவுல அதைப் பார்த்துக்கற வேலை எனக்கு. முதல் நாளே முதலாளி கண்டிஷன் போட்டுட்டார்: "லைட்டு எரியற வரைக்கும்தான் ரயிலு. அணைஞ்சுதுன்னா அந்த எடத்துல ரெண்டு டேபிளு."

சாம்பார் கலர்

ஒரே வாரத்துல பழைய பல்பு ரெண்டும் போயிடுச்சு. அரிசி மாதிரி பல்பு, தருமபுரி பூரா தேடியும் கிடைக்கலை. ஆயுத பூஜைக்குக் கட்டின சீரியல் செட்டுல இருந்து ரெண்டு சிவப்பு எல்இடியைப் பிச்சு மாட்டினேன். கரண்டைக் குறைக்கற ரெசிஸ்டர் போட மறந்ததுல முதல் ஜோடி கண் சிமிட்டுற நேரத்துல செத்துச்சு. அடுத்த ஜோடிக்குப் போட்டேன். எரிஞ்சுது, ஹால் பூரா எரிஞ்சுது. பக்கத்து டேபிள்ல குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கிட்டிருந்த அக்கா சொன்னாங்க:

"கொஞ்சம் கம்மி பண்ணு தம்பி, சாம்பார் சட்னி எல்லாம் ஒரே கலராத் தெரியுது."

வராத ரயில்

தண்டவாளத்துக்கு நடுவுல சின்னதா ஒரு கண்ணு உண்டு. ரயில் அது மேல போய் வெளிச்சத்தை மறைச்சா லைட்டு மினுக்க ஆரம்பிக்கும். லைட்டு எந்த நேரத்துலயும் அணையக் கூடாதேன்னு நான் அதுக்குத் தனியா பேட்டரி வெச்சேன். பெரிய மூளைன்னு நினைப்பு. கரண்ட் போச்சு, ஹால் இருட்டாச்சு, ரயில் நின்னுடுச்சு. கண்ணுக்கு மட்டும் ரயில் தலை மேலயே நிக்கற மாதிரி தோணியிருக்கு. ஜெனரேட்டர் போடற வரைக்கும் இருட்டுக்குள்ள சிவப்பு மினுக்கிக்கிட்டே கிடந்துச்சு. தக்காளி லோடோட பாலக்கோட்டுல இருந்து வந்த டிரைவர் அண்ணன் டீயை ஊதிக்கிட்டே பார்த்தார்.

"வராத ரயிலுக்கு நிக்கறதுதானப்பா எங்க பொழப்பே, இங்கயுமா?"

ஆம்லெட் எக்ஸ்பிரஸ்

அடுத்து மேஜைக்கு அடியில ஒரு ஸ்பீக்கர் மாட்டினேன். லைட்டு மினுக்கும்போது நானே அடியில உக்காந்து மைக்குல ஹாரன் அடிப்பேன். அப்புறம் ஸ்டேஷன் அம்மா குரல்ல, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மூணாம் டேபிள் பரோட்டா சற்று தாமதமாக வந்து சேரும்." ஜனங்க சிரிச்சாங்க. வாய் சும்மா இருக்குமா? முதலாளியோட கரகரக் குரல்லயே, "மாஸ்டரு, ரயிலு டேபிளுக்கு ரெண்டு ஆம்லெட்டு, வெங்காயம் தூக்கலா"ன்னேன். சுடச்சுட வந்துச்சு. ரெண்டாவதைப் பிய்க்கும்போது மேஜைத் துணி விலகுச்சு. அந்தப் பக்கம் ஒரிஜினல் முகம்.

"என் குரல்ல தின்னுட்ட இல்ல, இனி உன் குரல்ல எலை எடு."

கை மொளச்ச ரயில்

ரெண்டு வருஷம் ஓடுச்சு. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச லீவுல இஞ்சின் மோட்டார் கருகிடுச்சு. பெங்களூர் வரைக்கும் விசாரிச்சும் அந்த மோட்டார் இல்லை. "லைட்டு எரியுதுங்களே, நீங்கதான சொன்னீங்க"ன்னு முதலாளிகிட்டயே அவர் கண்டிஷனைத் திருப்பிப் போட்டேன். அவர் வெறும் தண்டவாளத்தைப் பார்த்தார், ஞாயித்துக்கிழமை கூட்டத்தைப் பார்த்தார். மூலையைக் காலால அளந்தார். அதுவே பயமா இருந்துச்சு. அதனால அடியில உக்காந்து, மலைக்குள்ள கைய விட்டு, குகை வழியா ரயிலைத் தள்ளினேன். லைட்டு மினுக்குச்சு, ஹாரன் வாயால அடிச்சேன். எல்லாம் சரியாத்தான் போச்சு, ஒரு பொடிசு மேஜையைச் சுத்தி வெச்ச கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டுக் கத்தற வரைக்கும்.

"அம்மா, இந்த ரயிலுக்குக் கை இருக்குது, வாட்ச் கூட கட்டியிருக்குது."

ஹாலே சிரிச்சுது. கல்லாவுல இருந்த முதலாளி மட்டும் சிரிக்கலை. மறுநாள் மேஜையைக் கழட்டினாங்க.

ரெண்டு டேபிள்

இஞ்சினைக் கேட்கலை, பெட்டியைக் கேட்கலை. கேட் லைட்டை மட்டும் கேட்டேன். "எடுத்துக்கடா"ன்னார். வூட்டுக்குக் கொண்டுபோக மனசு வரலை. பார்சல் கவுன்ட்டர் மேலயே மாட்டி, அடுப்படி வரைக்கும் ஒயர் இழுத்து, மாஸ்டர் கைக்கு எட்டற இடத்துல சுவிட்சு வெச்சேன். பார்சல் ரெடின்னா சிவப்பு மினுக்கும். லாரிக்காரங்க எழுந்து வருவாங்க.

இப்போ பாலிடெக்னிக்ல படிக்கறேன். போன ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். ரயில் ஓடின மூலையில ரெண்டு டேபிள், ரெண்டுலயும் ஆளுங்க. சிவப்பு மினுக்குச்சு. யாரோ எழுந்து போனாங்க. முதலாளி கல்லாவுல சில்லறையை எண்ணிக்கிட்டே, தலையைத் தூக்காமச் சொன்னார்:

"லைட்டு எரியுதுல்ல, ஹாரன் எங்கடா?"

அடிச்சேன், இவ்வளவு படிச்சு கடைசியில நான் ஓட்டற ரயில், நாலு பரோட்டாவும் ஒரு சால்னாவும்தான்.