பிறந்தநாள் பாட்டுக்கு ஓனர் உண்டு என்று அன்றே சொன்னேன்

கேக் வெட்டும்போது பாடுகிற அந்த இங்கிலீஷ் பாட்டுக்கு ஒரு கம்பெனி ரொம்ப காலமாகக் காப்பிரைட் கேட்டு வந்ததாம். அமெரிக்காவில் கேஸ் நடந்து, இப்போது எல்லோருக்கும் பொது என்று ஆகிவிட்டதாம். பேரன் போனில் படித்துக் காட்டினான். நான் அசரவே இல்லை. எண்பதுகளிலேயே ஆவடி குவார்ட்டர்ஸில் நின்று இதைச் சொன்னவன் நான். கேட்டவர்கள் சாட்சி.

அன்றைய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... வெனிலா எசென்ஸும் புதுச் சுண்ணாம்பும்.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மகள் செல்விக்கு எட்டாவது பிறந்தநாள். அதுவரை எங்கள் லைன் வீடுகளில் பிறந்தநாள் என்றால் கோயில், பாயசம், கிளாஸ் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய்... அவ்வளவுதான். முதல் கேக் அதுதான். அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து, ஒரு பூ கலையாமல் கொண்டுவந்தவன் நான். டிரைவரே எனக்காக மெதுவாக ஓட்டினார்.

எங்கள் யாருக்கும் இங்கிலீஷ் பாட்டு வாயில் வராது. அதனால் கன்னியப்பன் ஃபேக்டரி நண்பரிடம் கெஞ்சி, அந்தப் பாட்டு இருந்த கேசட்டை வாங்கி, முந்தின நாளே என்னிடம் கொடுத்திருந்தான். லைனிலேயே டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தானே. செல்வியோ, பாட்டோடு கேக் வெட்டப் போவதாகக் கிளாஸ் முழுக்கச் சொல்லி, ஆறு பிள்ளைகளைக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தாள்.

எல்லோரும் டேப் ரெக்கார்டரையே பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். இந்தப் பாட்டுக்கு வெளிநாட்டில் ஓனர் இருக்கிறார், பர்மிஷன் இல்லாமல் நாலு பேர் நடுவில் போட்டால் கேஸ், பேப்பரிலேயே வந்திருக்கிறது, கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் வேறு என்று விளக்கினேன்.

கன்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா மாமே... பாட்டுக்குக் கூடவா ஓனரு கீறான்?"

செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். "பாட்டு இல்லாங்காட்டி நான் வெட்ட மாட்டேன்." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எதிர்வீட்டுத் திருநெல்வேலி லட்சுமி அக்கா எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏட்டி, அழாத. ஓனரே இல்லாத பாட்டா நாம ஒண்ணு கெட்டிருவோம்."

'எட்டு வயசு செல்வி வந்தா எங்க லைனே சிரிக்குது...' அக்கா ஒரு வரி. சேலத்துக்காரர் ஒரு வரி. வேலூர் வீடு ஒரு வரி. மிச்சம் பன்னிரண்டு வரியும் நான். சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் போய், ஒரு ரயிலே நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பியது. செல்வி சிரித்துக்கொண்டே கேக்கை வெட்டினாள்.

அப்புறம் எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அந்தப் பாட்டுதான். பெயரும் வயசும் மட்டும் மாறும்.

போன வாரம் பூந்தமல்லி ஃப்ளாட்டில் செல்வியின் மகளுக்குப் பிறந்தநாள். இப்போது போனைத் தொட்டால் நூறு பாட்டு கொட்டுகிறது, கேஸ் பயமும் இல்லை. ஆனால் செல்வி போனை ஓரமாக வைத்துவிட்டு, "நம்ம லைன் பாட்டே பாடலாம் மாமா, நீங்க ஆரம்பிங்க" என்றாள். சொல்லிக்கொடுக்காமலே அந்தக் குழந்தை தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டது...

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் வந்திருக்கிறது என்றேனே, அப்படி ஒரு பேப்பர் கிடையாது. முந்தின நாள், என் குரல் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று கன்னியப்பன் கொடுத்த கேசட்டில், மேலே எதுவும் பதியாமல் தடுக்கிற ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, ரெக்கார்டிங்கின் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டேன். பாட்டு அழிந்து நான் பதிந்துவிட்டேன்.

கன்னியப்பா, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதே. கேசட் பத்திரமாக இருக்கிறது. குரலும் நன்றாகத்தான் வந்திருக்கிறது.