நாலு மூலைக்கும் மஞ்சள்

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். அம்மா, அத்தை, ஒன்றரை வயதுத் தம்பி, நான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சமையலையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள். பெரியப்பாவையும் சேர்த்தால் ஐந்து என்று சொல்லலாம். ஆனால் அவர் வண்டியை வாசலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றாமலே ஒரு காகிதக் கட்டை உள்ளே நீட்டிவிட்டுப் போய்விட்டார். அதனால் அவரைச் சேர்ப்பது நியாயமில்லை. அப்பா படமாக இருந்தார். படமாகி ஒன்பது நாள். அவரைச் சேர்ப்பதா விடுவதா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

இப்படி எண்ணிக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு வியாதி. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை திரும்பிவந்து பார்ப்பவள் நான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதாலோ என்னவோ, எண்ணுவதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அப்பா சிவகாசியில் ஒரு கார்டு கம்பெனியில் டிசைன் போடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுவீடு என்று எல்லா விசேஷத்துக்கும் பத்திரிகை. கதவுபோல இரண்டு பக்கமும் திறக்கிற கார்டு, பிரித்தால் உள்ளே பிள்ளையார் எழுந்து நிற்கிற கார்டு, சந்தன வாசம் அடிக்கிற கார்டு. மிஷினில் கோணலாக விழுந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். என் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை அதுதான். அலமாரித் தட்டுகளில் விரித்திருந்ததும் அதுதான். ஒரு தட்டில் ‘தாங்கள் சுற்றம் சூழ வந்திருந்து’ என்று இருக்கும். அடுத்த தட்டில் ‘மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்’ என்று இருக்கும். எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது யாரையாவது வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருப்பார்கள்.

டிசைனில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு மூலையும் காலியாக இருக்க வேண்டும். பூக்கொடியானாலும் தங்கக் கோடானாலும் மூலைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அது மஞ்சள் வைக்கிற இடம். கம்பெனிக்குப் புதுமாதிரி அட்டை வந்தால், ஞாயிற்றுக்கிழமை அதில் இரண்டு துண்டு வீட்டுக்கு வரும். மஞ்சள் வைத்துப் பார்ப்பது என் வேலை. அம்மா குளிக்கிற மஞ்சள்கிழங்கைக் கல்லில் உரசி, மோதிர விரலால் தொட்டு, மூலைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். வழவழப்பான அட்டையில் மஞ்சள் நிற்காது, வழுக்கும். சொரசொரப்பான அட்டையில் ஊறிப் பரவி எழுத்தைத் தொட்டுவிடும். காய்ந்த பிறகு அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். ‘ஓடுது’ என்றால் அந்த அட்டை தள்ளுபடி. ‘ஓடல’ என்றால் கம்பெனி வாங்கும். அப்படி எத்தனையோ லோடு அட்டை என் விரலைத் தாண்டித்தான் போனது என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். பெருமைக்குச் சொன்னதாக இருக்கும். நான் நம்பினேன்.

எதற்கு மஞ்சள் என்று ஒரு தடவை கேட்டேன்.

“மஞ்சள் படுற வரைக்கும் அது வெறும் தாளு தாயி. நாலு மூலையிலயும் பட்டாத்தான் பத்திரிகை. அப்பத்தான் ஆளு வரும்.”

அதை நான் சோதித்தும் பார்த்துவிட்டேன். தம்பியின் காதுகுத்துக்கு நான் மஞ்சள் வைத்த பத்திரிகைதான் போனது. நூறு பேருக்கு மேல் வந்து, பாய் போதாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினோம்.

அப்பா புரட்டாசியில் போனார். நாலு நாள் காய்ச்சல், விருதுநகர் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எங்கள் சொந்தம் முழுக்கச் சாத்தூர்ப் பக்கத்து ஊர்களில், பட்டாசுக் கம்பெனிகளில் வேலை. தீபாவளிக்கு முந்தின சீசன். அந்த மாதக் கூலியை நம்பித்தான் வருஷம் ஓடும். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களும் எடுத்த கையோடு வேன் ஏறிவிட்டார்கள். காதுகுத்துக்கு நூறு பேர், செத்ததற்கு இருபத்திரண்டு பேர் என்பது என் கணக்கில் எப்படிப் போட்டாலும் சரியாக வரவில்லை.

அதற்குப் பிறகு அதுவும் இல்லை. தீட்டு வீடு என்று தெருப்பிள்ளைகள் படி ஏறவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அம்மா பேசுவதை நிறுத்தியிருந்தாள். அத்தை தம்பியைத் தூங்கவைக்கிற சாக்கில் தானும் தூங்கிவிடுவாள். நான் பகல் முழுக்க அலமாரித் தட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். தாங்கள் சுற்றம் சூழ வந்திருந்து.

பெரியப்பா நீட்டிய கட்டுக்குள் ஆறு சின்னக் கட்டுகள் இருந்தன. பதினாறாம் நாள் காரியத்துக்கான பத்திரிகை. ஊருக்கு ஒரு கட்டு, கட்டுக்கு இருபத்தைந்து, பழுப்புத் தாள் சுற்றி நூல் கட்டியது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போக வேன் வரும். காலையில் டிரைவர் கையில் கொடுத்துவிட்டால் பொழுது சாய ஊருக்குப் போய்விடும். அலைச்சல் மிச்சம்.

“யாரும் பிரிச்சிறாதீக. விடியக்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுத்தான் போனார்.

சொன்னால் கேட்கிற பிள்ளை இல்லை நான். பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படுகிற பிள்ளை. பிரித்தேன். வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, தபால்தலை அளவுக்கு அப்பா. சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு நாலு பக்கமும் ஓடி, மூலைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது.

கம்பெனியில் கருமாதிப் பத்திரிகைக்கும் மாதிரி போட்டுவைத்தது அப்பாதான். பேரையும் தேதியையும் மாற்றினால் போதும். இந்தத் தடவை அவர் பேரை மாற்றிப் போட்டிருந்தார்கள். கைப்பழக்கத்தில் அதிலும் அவர் மூலையை விட்டிருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. அப்பா இடம் விட்டிருக்கிறார், இவர்கள் மஞ்சள் வைக்க மறந்துவிட்டார்கள். இப்படியே வெறும் தாளாகப் போனால் இந்தத் தடவையும் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

குளிக்கிற இடத்து மாடத்தில் மஞ்சள் ஒன்றரைக் கிழங்கு இருந்தது. கல்லில் உரச ஆரம்பித்தேன். நூற்றைம்பது பத்திரிகை, மூலைக்கு ஒன்றாக அறுநூறு. ஊர் கலந்துவிடக் கூடாதே என்று ஆறு வரிசையாகத் தரையில் பரப்பினேன். நடுவில் தம்பி எழுந்துவந்து அச்சங்குளம் ஊர் வரிசையின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கி ஒரு முறுக்கைக் கொடுத்து ஓரமாக வைத்தேன். நானூறுக்கு மேல் விரல் எரிந்தது. அரைக்கிழங்கு முதலில் தீர்ந்தது. பிறகு முழுக்கிழங்கும் நகத்தளவு ஆகி, அதுவும் கல்லோடு கரைந்துபோனது. ஒரு மூலையிலும் ஓடவில்லை. காய்ந்ததும் இருந்தபடியே கட்டி, இருந்தபடியே வைத்தேன். அந்த ஒன்பது நாளில் அன்று ஒருநாள்தான் எனக்குப் பசித்தது.

பெரியப்பா விடியற்காலையில் வந்தார். கட்டைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கு மறுநாள் காலை முதல் ஆள் வந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா முறை ஆகிற பெரியவர், அச்சங்குளத்திலிருந்து. பத்திரிகையை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு வந்தார்.

“ஏத்தா, உள்ளே யாரு இருக்கீக? இதை நான் என்ன செய்ய? படிச்ச கையோட கிழிச்சு வெளிய போடணும், அதுதான் வழக்கம். மஞ்சளைப் பாத்துட்டுக் கிழிக்கக் கை வரமாட்டேங்குது.”

பின்னாலேயே அவர் மருமகள்.

“கிழிச்சிறாதீக மாமான்னு நான்தான் சொன்னேன். மஞ்சளைக் கிழிச்சா நம்ம வீட்டு நல்லது கிழிஞ்சிரும். சரி, வச்சிருவோம்னா, இழவு காகிதத்தை எந்த வீட்ல வைக்க? விடிய விடிய ஜன்னல் கம்பியில சொருகி வச்சிட்டு, அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.”

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். வேனில், சைக்கிளில், பஸ்ஸில். எல்லோர் கையிலும் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு பத்திரிகையாவது. கிழிக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. கொடுத்தவர்களிடமே கொண்டுபோய்க் கேட்போம் என்று ஆறு ஊரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு, இதுக்கு மொய் எழுதணுமா வாய்க்கரிசி கொண்டாரணுமான்னு” என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்துவிட்டு, சுவரோரம் படுத்திருந்த அம்மாவைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் அலமாரிப் பக்கம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வரைக்கும் எண்ணினேன். சீசனில், வேலைநாளில், அரைநாள் கூலியை விட்டுவிட்டு நாற்பத்தேழு பேர். மஞ்சள் வேலை செய்துவிட்டது. அப்பா படத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். “கல்யாண ஆர்டரோட சேத்து ஓட்டிப்புட்டான்யா. செத்தவனுக்கு மஞ்சள் அடிச்சுக் குடுத்திருக்கான். இருந்த வரைக்கும் அவன் உழைப்பைத் தின்னாங்கெ, இப்ப மானத்தையும் வாங்கிட்டாங்கெ. விட மாட்டேன்.” கார்டு கம்பெனிக்குக் கிளம்ப வண்டிச் சாவியையும் எடுத்துவிட்டார். அத்தைதான் ஒரு பத்திரிகையை வாங்கி மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“இது அச்சு இல்ல அண்ணே. விரலு.” தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். “சின்ன விரலு.”

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தை இழுத்துப் பார்த்தாள். மோதிர விரல் நகக்கண் வரைக்கும் மஞ்சள்.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே! அப்பனுக்குக் கல்யாணமாடி பண்ணிப் பாக்கே?” பெரியப்பா கையை ஓங்கினார்.

“அப்பாவுக்கு ஆளு வரணும்ல” என்றேன்.

ஓங்கின கை அப்படியே நின்றது. அப்போதுதான் அம்மா எழுந்தாள். பதினோரு நாளில் யாரும் சொல்லாமல் அவளாக எழுந்தது அதுதான் முதல் தடவை. அத்தை கையிலிருந்த பத்திரிகையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

“ஓடல” என்றாள்.

அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது விளங்கியது. மற்றவர்கள் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என்னிடம் வந்தாள்.

“கிழங்கு அம்புட்டையும் உரசிட்டியா?”

தலையாட்டினேன்.

“கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா தாயி.”

மஞ்சள் விலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெரியவளானதும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். அம்மா திரும்பவும் சுவர்ப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தது அத்தை. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு பத்திரிகையிலும் நாலு மூலையை மட்டும் வெட்டினாள். “மூலை சாமிக்கு, மிச்சம் உங்களுக்கு.” பெரியவர் யோசித்து, சரிதான் என்றார். மூலை போன பத்திரிகைகளை அவரவர் வாங்கி வாசலுக்கு வெளியே கிழித்துப் போட்டார்கள். சொளகில் மஞ்சள் முக்கோணங்கள் குவிந்தன. அவற்றை வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒருத்தர்கூட ‘வாரேன்’ என்று சொல்லவில்லை. இழவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது தெரியாமல், நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன்.

வராதவர்கள் கொடுத்தனுப்பியதையும் சேர்த்துத் திரும்பி வந்தது நூற்றுப் பதினொன்று. மீதி முப்பத்தொன்பது பத்திரிகையை அந்த வீடுகளில் கிழித்தார்களா, வைத்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர்ப்பக்கம் யாருக்கு மேலுக்கு முடியவில்லை என்றாலும், கிழித்த வீடாக இருக்குமோ என்று இன்றைக்கும் விசாரித்துப் பார்க்கிறேன்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் வீடு நிறைய ஆள். மறுநாள் காரியத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டார்கள். பெண்கள் பூ கட்டினார்கள், புது வளையல் கொண்டுவந்திருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்ட மஞ்சளைத் தேடினார்கள். மாடத்தில் கல் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் கேட்க அத்தை தயங்கினாள். என்னைத் தெருமுனை பாய் கடைக்கு ஓடச் சொன்னாள்.

ஓடினேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன். அம்மா மஞ்சள் கேட்கிறாள் என்றால் குளிக்கப் போகிறாள், எழுந்துவிட்டாள், சரியாகிவிட்டாள் என்று அர்த்தம்.

“மஞ்சளா? யாருக்கு பாப்பா?”

“எங்கம்மாவுக்கு. குளிக்க.”

பாய் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். டப்பாவைக் கவிழ்த்து, இருந்ததிலேயே தடிமனான கிழங்காகப் பொறுக்கித் தாளில் மடித்துக் கொடுத்தார். மூன்று ரூபாய் என்று எனக்குத் தெரியும். நான் காசு கொண்டுபோகவில்லை.

“அப்புறமாக் குடு. போ.”

அன்று சாயங்காலம் அம்மா முகம் நிறைய மஞ்சளும், தலை நிறையப் பூவும், கை நிறைய வளையலுமாக இருந்தாள். காதுகுத்தன்றைக்குக்கூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை. சுற்றி இருந்த பெண்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. விடிந்ததும் அதில் எதுவும் அவளிடம் இல்லை. மிச்சக் கிழங்கு மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகிற வரைக்கும் கல்மேல் கிடந்தது. ஏன் அம்மா அதைத் தொடுவதில்லை என்று யோசித்திருக்கிறேன், கேட்டதில்லை. மாடத்தில் இருந்த ஒன்றரைக் கிழங்குதான் அப்பா இருந்த காலத்து மஞ்சள் என்பதும், அதற்கு அம்மாவிடம் இன்னும் ஆறே நாள்தான் மீதி இருந்தது என்பதும் விளங்குகிற வயதில் நான் இல்லை.

அந்த மாதமே பாட்டியூருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் அதோடு சரி. சில வருஷம் கழித்துச் சிவகாசிக்கே திரும்பி, கல்யாணக் கார்டுக்குப் பளபளக்கிற கல் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரக் கூலி வாங்கியதும் நேரே தெருமுனைக்குத்தான் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். பாய் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மஞ்சள் ஒரு கிழங்கு. மூன்று ரூபாய் பாக்கி.