காலிக் கட்டங்களுக்காக வாதாடிய தங்கமணி

தங்கமணி இறந்துவிட்டார். இன்று காலை, சேலம் மருத்துவமனையில்... மாரடைப்பு.

உங்களில் பலர் அவரை அறிந்திருக்க மாட்டீர்கள். அரசு அலுவலகமொன்றில் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். எந்த மேடையிலும் ஏறாதவர்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூருக்குக் குடிநீர் லாரி கேட்டு அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தோம். நான் வழக்கம்போல் முழங்கினேன்.

அதிகாரி ஒரே ஒரு தாளை நீட்டினார். "இந்த வட்டாரத்து போர்வெல்களோட சராசரி நீர்மட்டம். நல்லாத்தானே இருக்குது? லாரி எதுக்குங்க?"

முப்பதாண்டு மேடைத்தமிழ், அந்த ஒற்றை எண்ணின் முன் வாயடைத்து நின்றது.

மூலையில், கணினிக்குப் பின்னாலிருந்து தங்கமணியின் குரல். "ஏனுங்க சார், வறண்ட போரை எதுல சேத்தீங்க?"

"அதுல அளக்கத் தண்ணியே இல்லையேம்மா. கட்டத்தைக் காலியா விட்டிருக்கு."

"அதானுங்க! கம்ப்யூட்டர்ல ஏவிஜின்னு சராசரி போட்டா காலிக் கட்டத்தை அது தாண்டிப் போயிருமுங்க. தண்ணி இருக்கற போரை மட்டும் கூட்டி வகுத்தா, எந்த ஊருமே செழிப்பாத்தானுங்க தெரியும்."

ஆழ்துளைக் கிணறுகள் வற்ற வற்ற, காகிதத்தில் ஊர் செழித்துக்கொண்டிருந்தது. என்ன கொடுமை!

எவர் உத்தரவுக்கும் காத்திராமல் ஊர்வாரியாகப் பிரித்தார். மொத்தக் கிணறுகள் எத்தனை, அளவு பதிந்தவை எத்தனை... இரண்டு 'கவுண்ட்', அடுத்தடுத்து. எங்கள் சிற்றூருக்கு நேரே: ஒன்பது, இரண்டு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் மனுவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

தங்கமணி வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "மைக் இல்லாமயே என்னா கத்து கத்துனீங்கண்ணா! காலியா எத்தனை கெடக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

லாரி வந்தது. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம்? எழுதவேண்டிய இடத்தில் எதுவும் எழுதப்படவில்லை.

மறியல் செய்வோம் என்றேன். "எனக்காகக் கத்தாதீங்கண்ணா. லாரி நிக்காம வருதான்னு மட்டும் பாத்துக்கங்க."

வருகிறது, தங்கமணி. நேற்றும் வந்தது.

அதை நிறுத்த எண்ணுபவர் எவராயினும் வரட்டும். சராசரி என்று தாளை நீட்டட்டும். இம்முறை வாயடைத்து நிற்கமாட்டேன். உங்கள் கேள்வியைத்தான் கேட்பேன்.

வறண்டதை எதில் சேர்த்தீர்கள்?

போய் வாருங்கள், தங்கையே.