தலைகீழாகப் பார்க்கும் ஊர்மிளா

தாளைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் ஊர்மிளா. ஃபிஜித் தீவில் நாடி என்ற ஊரின் கடைத்தெரு அச்சகத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. நேராகப் பிடித்தால் கண் வார்த்தைக்குள் போய்விடுமாம். தலைகீழாகப் பிடித்தால்தான் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்று பளிச்சென்று தெரியுமாம். ஐம்பது வயதில் இதென்ன கூத்து என்று யாராவது சிரித்தால், "சிரி, சிரி. தப்பு வந்தா உன் பேரைச் சொல்லிடுவேன்" என்பாள்.

ஆங்கிலத் தலைப்பா? முதல் எழுத்து மட்டும் பெரிசு, மீதியெல்லாம் சின்னது. முதல் பக்கம் அப்படியென்றால் கடைசிப் பக்கம் வரை அப்படியேதான். கோயில் திருவிழா நோட்டீஸுக்குக்கூட விலக்கு கிடையாது.

இரண்டாயிரம் மே மாதம் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்க்கச் சிலர் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் நுழைந்தார்கள். அத்தோடு சுற்றுலாக்காரர்கள் வரத்து நின்றது. கடலோர ஹோட்டல் ஒன்று பாதி அறைகளைப் பூட்டிவிட்டு, அங்கே அறை கூட்டித் துடைத்த ஊர்மிளாவின் தங்கை கம்லாவையும் வீட்டுக்கு அனுப்பியது. வருஷக் கடைசிக்குள் திரும்பக் கூப்பிடாவிட்டால் கம்லா வேலை தேடி ஆக்லாந்துக்குக் கிளம்பிவிடுவாள். ஊர்மிளாவுக்கு இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே சொந்தம் அவள்தான்.

அதே ஹோட்டலின் புதிய விளம்பரப் புத்தகம் அச்சேறியது. எட்டுப் பக்கம். சிட்னி சுற்றுலாக் கண்காட்சிக்கு மாலை விமானத்தில் போயாக வேண்டும். ஹோட்டல் மானேஜர் ஜிதேந்திரா கார் சாவியும் கையுமாக வாசலில் நிற்கிறார். முதல் தாளைத் திருப்பிப் பிடித்தவள் அலறினாள்: "ரோக்கோ! ராமச்சந்திரன் அண்ணே, மிஷினை நிறுத்துங்க!"

ஏழாம் பக்கத் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து. அது பாதி வேலையில் கனடாவுக்குப் பறந்த பக்க வடிவமைப்பாளர் ரவினேஷ் செய்த பக்கம். மற்றதெல்லாம் வேறு கை.

"அரே அக்கா, பிளேன் போயிடும்! இதை யாரு பாக்கப் போறான்?" என்றார் ஜிதேந்திரா.

"துப்பாக்கிக்குப் பயந்து ஓடினவன் பாப்பான். ஆறு பக்கம் மெதுவா பேசிட்டு ஏழாவதுல கத்தினா, இங்க இன்னும் ஒண்ணும் அடங்கலன்னு நெனைக்க மாட்டானா?"

ஜிதேந்திரா கடிகாரத்தைப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"நாப்பது நிமிஷம்."

மிஷின் ஓட்டும் ராமச்சந்திரன் அதற்குள் அச்சுத் தகட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார்.

அப்பப்பா, அந்த நாற்பது நிமிஷம்! ஊர்மிளாவே கம்ப்யூட்டரில் தலைப்பை மாற்றினாள். புதுத் தகடு ஏறியது, இயந்திரம் தடதடவென்று ஓடியது. மை காய அச்சகத்து மின்விசிறிகள் எல்லாம் தாள் பக்கம் திரும்பின. முதலாளியே கீழே சம்மணம் போட்டு மடித்தார். கார் டிக்கியைக்கூடச் சரியாக மூடாமல் ஜிதேந்திரா பறந்தார். ஊர்மிளாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடுக்கூடத்தில் நின்று கை தட்டினாள்.

மூன்றாம் வாரம் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள், கம்லா நாளைக்கே வேலைக்கு வர வேண்டும்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் சீருடையோடு நின்ற கம்லா, "நான் போய்க்க மாட்டேனா? நீ எதுக்குக்கா வந்தே?" என்றாள்.

பஸ் தலை தெரிந்ததும் ஊர்மிளா நடுரோட்டுக்கே போய், தங்கையை விட்டுவிட்டுப் போய்விடாதபடி இரண்டு கைகளையும் அகல விரித்து அதை மறித்து நின்றாள்.